முத்தாந்தையின் கறுப்புக் குஞ்சு

ஒஸ்ஸியின் காட்டில் சாத்தான் குஞ்சு பொரித்திருக்கிறதாம்.

செய்தியைக் கொண்டுவந்தவள் ஹெல்வி. அவளும் கண்ணால் கண்டவள் இல்லை. வெட்டப்போகும் காட்டின் எல்லையில் நாடா கட்டப் போன ஆள் பார்த்திருக்கிறான். அவன் பெட்ரோல் நிலையத்துக் காப்பி மேசையில் சொன்னது ஹெல்வியின் மருமகன் காதில் விழுந்து, மருமகன் மனைவியிடம் சொல்லி, அவள் தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லி, இப்போது அது நூலக வண்டியின் படியேறி ரைலியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. கூடவே நான்கு துப்பறியும் நாவல்களும், துணியில் பொதிந்த ஒரு பலகாரப் பொட்டலமும்.

"அடுப்புக் கரியாட்டம் கறுப்பாம் ரைலி. மரத்துல மாட்டியிருக்கிற பெட்டி ஓட்டைலேர்ந்து எட்டிப் பாத்துச்சாம். நாடா கட்டுனவன் நாடாவக் கீழ போட்டுட்டு நின்னுட்டானாம்."

"பூனையா இருக்கும்."

"பூனை ஆறு மீட்டர் மேல போயி பெட்டிக்குள்ள எதுக்கு உக்காரும்? ஆளுக்கொரு பேரு வெச்சுட்டானுங்க. ஒருத்தன் புகைபோக்கி துடைக்கிறவன்னானாம். இன்னொருத்தன் ஒஸ்ஸியோட பாதிரியார்னானாம். ஒஸ்ஸி சர்ச் வாசலை மிதிச்சு முப்பது வருஷமாச்சு, அதான் ஆளையே காட்டுக்கு அனுப்பி வெச்சுட்டாங்கன்னு ஒரே சிரிப்பாம்."

ரைலியும் சிரித்தாள். கை பாட்டுக்கு நாவல்களை ஒவ்வொன்றாகக் கருவிக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அது ஒருமுறை கீச்சென்றது.

"பாதிரியார்னு சும்மா சொல்லல," என்றாள் ஹெல்வி. "கண்ணுக்கு நடுவுல வெள்ளையா சிலுவை போட்டாப்பல இருந்துச்சாம். சிலுவைன்னா நேர்ச்சிலுவை இல்ல, பெருக்கல் குறி."

நான்காவது புத்தகம் ரைலியின் கையிலேயே நின்றுவிட்டது.

ரைலி கெம்பைனனுக்கு வயது அறுபத்திரண்டு. இருபத்தேழு வருடமாகக் கைனூ வட்டாரத்தின் நூலக வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். ஓட்டுநரும் அவளே, நூலகரும் அவளே. இரண்டு வாரத்துக்கொருமுறை ஐம்பத்தெட்டு நிறுத்தங்கள். பனி கொட்டினாலும், சேற்றில் சாலை கரைந்து போனாலும், வண்டியெடுத்த நாளில் ஒரு நிறுத்தத்தைக்கூட அவள் விட்டதில்லை. ஆளே வராத நிறுத்தங்களிலும் அட்டவணை சொல்லும் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் கிளம்புவாள். அந்தப் பதினைந்து நிமிடங்களில் படித்துத்தான் ஆந்தைகளிடம் போய்ச் சேர்ந்தாள். வேலைக்கு வந்த முதல் பனிக்காலத்தில் யாரோ திருப்பிக் கொடுத்த ஆந்தைப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் பழக்கூழால் ஒட்டிக்கொண்டிருந்தன. நீராவி காட்டிப் பிரித்தால், உள்ளே முத்தாந்தை.

முதலில் செய்த கூட்டுப் பெட்டிக்கு ஓட்டை சிறிதாகிவிட்டது. சிட்டுகள் குடியேறின. அடுத்ததில் பெரிதாகிப்போய் வாத்து வந்து உட்கார்ந்தது. மூன்றாவதை, கறுப்பு மரங்கொத்தி கொத்துகிற அளவுக்குச் சரியாக அறுத்து, ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தில் மாட்டினாள். ஏப்ரலில் போய் மரத்தைச் சுரண்டினபோது ஒரு முகம் மேலே வந்தது.

சுரண்டுவது இந்த வேலை செய்கிற எல்லோரும் கற்றுக்கொள்கிற முதல் காரியம். நுனியில் ஆணி அடித்த கழியால் அடிமரத்தைச் சர்சர்ரென்று கீறினால், அடைகாக்கிற தாய்க்கு மரநாய் நகம் போட்டு ஏறுகிற சத்தம்போலக் கேட்கும். பதறிப்போய் ஓட்டைக்கு வந்து எட்டிப் பார்க்கும். பெரிய சதுரத் தலை. வெள்ளை முகம், அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. புருவம் இரண்டையும் உயர்த்தி, யாரோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதுபோல ஒரு பார்வை. நெற்றியெல்லாம் அரிசி நொய் தெளித்த மாதிரி நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள். பழுப்பு முதுகில் பெரிய புள்ளிகள். உட்கார்ந்தால் ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளை முத்தென்று கண்டுதான் இந்த ஊரில் அதற்கு ஹெல்மிபொல்லோ, முத்தாந்தை என்று பெயர்.

மற்ற இடங்களில் வேறு வேறு. விரல்வரை இறகு மூடியிருப்பதால் ஜெர்மன்காரர்களுக்கு அது முரட்டுக்கால் ஆந்தை. ஆங்கிலத்தில் ஒரு சுவீடன் நாட்டு மருத்துவரின் பெயர். குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் போட்டபின் நிரப்புகிற படிவத்தில் எழுதவேண்டிய லத்தீன் பெயரிலோ சாவு வீட்டின் சாயல். நிறுத்தங்களில் கேட்பவர்களுக்கெல்லாம் ரைலி இதைச் சொல்லுவாள். "ஒருத்தன் முதுகப் பாத்தான், ஒருத்தன் காலப் பாத்தான், ஒருத்தன் இருட்டுல சத்தத்த மட்டும் கேட்டுட்டு வீட்டுக்கு ஓடிட்டான்" என்று முடிப்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு இரண்டு புத்தகம் கூடுதலாக எடுத்துப் போவார்கள்.

தேர்வெழுதி, வளையம் போடும் உரிமம் வாங்கினாள். பெட்டிகள் பத்தாயின, இருபதாயின, நாற்பத்தாறில் நின்றன. கணவன் இரண்டு வசந்தம் ஏணியைப் பிடித்தான். மூன்றாம் வசந்தத்தில் ஓலு நகரத்தில் வேறொருத்தியோடு வாழப் போனபோது ஏணியையும் கொண்டுபோனான். அவன் வாங்கிய ஏணிதான், அதைக் குறை சொல்லமுடியாது. மறுநாளே ரைலி அலுமினிய ஏணி ஒன்று வாங்கி, தனியாகத் தோளில் போட்டு நடக்கப் பழகிக்கொண்டாள்.

வருடா வருடம் அவள் எழுதுகிற பட்டியலுக்கு ஊரில் மதிப்புண்டு. பெட்டி எண், எந்தப் பறவை, எத்தனை குஞ்சு, திறந்து பார்த்ததா என்பதற்கு ஒரு கட்டம். காட்டை விற்கிறவர்கள் வெட்டுக்கு நாள் குறிக்கும் முன் நூலக வண்டியின் படியில் நின்று கேட்பார்கள்: "ரைலி, என் பக்கத்துல ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்று அவள் சொன்னால் முக்கால்வாசிப் பேர் வெட்டை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். சட்டம் சொல்கிறதோ இல்லையோ, ரைலி சொல்லிவிட்டாள் என்றால் போதும்.

மூன்று வருடம் முன்பு, ஜனவரியில், வண்டியின் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தாள். வலது முட்டி. ஒரு மாதம் கட்டுப் போட்டார்கள். பிறகு நடக்க முடிந்தது, வண்டி ஓட்ட முடிந்தது. ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் மட்டும் முடியவில்லை. கால் சட்டென்று தன்னுடையது இல்லாததுபோல மடங்கியது. அந்த வசந்தத்தில் ஏணியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, கழியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். சுரண்டினாள், இருபதுவரை எண்ணினாள். முகம் வந்தால் முத்தாந்தை, வராவிட்டால் காலி.

முகம் வந்த பெட்டிகளுக்குக்கூட ஏறவில்லை. வளையங்கள் வந்து சேரவில்லை, இந்த வருடம் எலி குறைவு, குஞ்சுகளே இல்லை என்று காரணம் எழுதினாள். காலி என்று எழுதிய பெட்டிகளுக்கும் திறந்து பார்த்ததா என்ற கட்டத்தில் குறி போட்டாள். முதல் வருடம் அந்தக் குறியைப் போட்ட பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். இரண்டாம் வருடம் அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எல்லாத் தாயும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பத்தில் ஒன்று, மழை நாளில் பத்தில் இரண்டு, பெட்டியோடு பெட்டியாக அமுங்கிக் கிடக்கும். அதற்காகத்தான் ஏறிப் பார்க்கவேண்டும் என்ற விதியே. இதைப் புதிதாக வருகிறவர்களுக்குக் கூட்டம் போட்டு அவளே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் உண்மையைச் சொன்னால் பெட்டிகள் கைமாறிப்போகும். கயானி நகரத்தில் வளையம் போடுகிற இன்னொருவர் ஒவ்வொரு இலையுதிர் காலமும் தொலைபேசியில் கூப்பிட்டு, "உதவி ஏதும் வேணுமா ரைலி?" என்று கனிவாகக் கேட்பார். அந்தக் கனிவு அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. அடுத்த வருடம் ஓய்வு. நூலக வண்டியும் அவளோடு நின்றுபோகும் என்று பேச்சு. மிச்சம் இருப்பது அந்த நாற்பத்தாறு பெட்டிகள்தான். அவையும் போனால், காலையில் எழுந்து எந்தப் பக்கம் திரும்புவது?

போன மாதம், மே முதல் வாரத்தில், ஒஸ்ஸி யுந்துனென் வண்டிப் படியில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "வடக்குச் சரிவுல வெட்டு வெச்சிருக்கேன் ரைலி. ஜூன்ல மெஷின் வருது. உன்னோட முப்பத்தொண்ணாம் பெட்டி அங்கதான இருக்கு? ஏதாவது இருந்தா சொல்லு, அக்டோபருக்குத் தள்ளிடறேன்."

அதற்கு முந்தின நாள்தான் அவள் அங்கே போயிருந்தாள். தூறல். மூன்று முறை சுரண்டினாள், எண்ணினாள், எதுவும் வரவில்லை.

"காலி," என்றாள்.

"பெட்டிய எறக்கிடறியா?"

இறக்க வேண்டுமென்றால் ஏற வேண்டும். "அது உளுத்துப்போன பெட்டி. மரத்தோட போகட்டும் விடு," என்றாள்.

ஒஸ்ஸி தலையாட்டிவிட்டு, மீன்பிடிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது நான்காவது நாவல் கையில் இருக்க, ரைலி ஹெல்வியைப் பார்த்தாள். "என்னைக்குப் பாத்தானாம்?"

"வெள்ளிக்கிழமை."

இன்று செவ்வாய். முத்தாந்தையின் குஞ்சுக்கு முத்து கிடையாது. வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் தலையோடு கால் ஒரே கறுப்புப் பழுப்பு. கண்களுக்கு நடுவே மட்டும் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், தெரியாதவர்கள் உறவென்று சொல்லமாட்டார்கள். ஓட்டைவரை ஏறி எட்டிப் பார்க்கிற குஞ்சு இரண்டொரு நாளில் பறந்துவிடும். பறந்திருக்கலாம். ஆனால் தாய் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முட்டையிடும். இந்த வருடம் காட்டில் எலி காலில் இடறுகிறது, ஐந்தாறு முட்டைக்குக் குறையாது. மூத்தது வாசலுக்கு வந்தபோது கடைக்குட்டிக்குச் சரியாக இறகுகூட முளைத்திருக்காது. நாலு நாளில் எல்லாம் போயிருக்க வழியே இல்லை.

"மெஷின் வந்துடுச்சா?"

"நேத்தே வந்துடுச்சே. லாரில ஏத்திட்டு வந்தப்ப எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடிச்சு. காலைலேர்ந்து சத்தம் கேக்குது. ஏன், உனக்கென்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப்போச்சே."

ரைலி தொலைபேசியை எடுத்தாள். ஹெல்வியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லலாம். அவள் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் காப்பி மேசைக்குப் போய்விடும். நேற்றாக இருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது அதற்கு வாய் வரவில்லை.

ஒஸ்ஸி மூன்றாவது மணியில் எடுத்தான். கயானியில் கண் மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னான். மருந்து விட்டிருக்கிறார்கள், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, நர்ஸ் அழகாக இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"ஒஸ்ஸி, வெட்ட நிறுத்தணும். முப்பத்தொண்ணுல குஞ்சு இருக்கு."

"அந்தப் பாதிரியாரா?" அவன் சிரித்தான். "நானும் கேள்விப்பட்டேன். என்னவோ அணில்னு நெனச்சேன்."

"முத்தாந்தைக் குஞ்சு."

"நீ காலின்னு சொன்னியே."

"சொன்னேன்."

"பாத்துட்டுத்தான சொன்ன?"

ஹெல்வி நாற்காலியில் உட்கார்ந்து பலகாரப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுரண்டிப் பாத்தேன்."

"சுரண்டி... ஏறலையா?"

"ஏற முடியல ஒஸ்ஸி. முட்டி. மூணு வருஷமா ஏறல."

அவன் எழுந்து ஓரமாக நடந்து போகிற காலடிச் சத்தம் கேட்டது.

"மூணு வருஷம்னா," என்றான். "போன வருஷம் சதுப்போரம் எங்க அண்ணன் பங்க வெட்டுனோமே. அதுக்கும் நீதான் சொன்ன. அங்க ரெண்டு பெட்டி இருந்துச்சு."

"ஆமா."

"அதுவும் சுரண்டிப் பாத்ததுதானா?"

ரைலிக்கு அந்த இரண்டு பெட்டிகளும் நினைவில் வந்தன. எண் பதினேழு, பதினெட்டு. இரண்டிலும் முகம் வரவில்லை. அன்று மழையா வெயிலா என்றுகூட இப்போது ஞாபகமில்லை. "தெரியல ஒஸ்ஸி," என்றாள். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை. உள்ளே குஞ்சுகள் இருந்தனவா என்று அவன் கேட்காததற்கு அதுதான் பதில்.

"நான் அக்டோபருக்குத் தள்ளியிருப்பேன்," என்றான் ஒஸ்ஸி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஏறிப் பாத்திருப்பேனே. எனக்கு முட்டி நல்லாத்தான இருக்கு."

"ஆமா."

"மரத்த நின்னபடியே வித்தாச்சு, இப்ப அது கம்பெனியோடது. ஆனா ஓட்டுறவன் ரிக்கு நல்ல பையன். சொன்னா அந்த மரத்தச் சுத்தி விட்டுட்டு மத்தத வெட்டுவான். அவன்கிட்டச் சொல்லு. நம்பர் அனுப்பறேன், எழுத்துத் தெரியல, நர்சத்தான் அனுப்பச் சொல்லணும். ரைலி..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. போ."

எண் வர நாலு நிமிடம் ஆனது. அதற்குள் ரைலி புத்தக அலமாரிகளின் கம்பிகளை மாட்டி, படியை உள்ளே மடித்தாள். ஹெல்வி எழுந்திருக்கவில்லை.

"எறங்கு ஹெல்வி. நான் காட்டுக்குப் போறேன்."

"இந்த வண்டியிலயா? நாலாயிரம் புத்தகத்த ஏத்திக்கிட்டா?"

"வேற வண்டி இங்க எங்க இருக்கு?"

"சரி, போ." ஹெல்வி பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். "காட்டுல ஒத்தையா நின்னு நீ என்ன பண்ணுவ? நானும் வரேன். மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தியே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அதான் சொல்றேன். ஊருக்கே தெரிஞ்சிருந்தா ஏணி பிடிக்க ஊரே வந்திருக்கும்."

ரைலி வண்டியைக் கிளப்பினாள். ரிக்குவின் எண்ணுக்கு முதல் அழைப்பு போய்க்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே.

"காதுல அந்த மூடி போட்டிருப்பான்," என்றாள் ஹெல்வி. "உள்ள பாட்டு வேற கேப்பானுங்க."

பழைய பள்ளிக்கூடத்து நிறுத்தம் வந்தது. அட்டவணைப்படி பதினொன்று பத்து. துணிப்பை நிறையப் புத்தகங்களோடு கிழவர் ஒருவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் கிழவர் பையைத் தோளுக்கு மாற்றினார். ரைலி வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அவர் கை பாதி உயர்ந்து, அப்படியே நின்றிருந்தது. வண்டி மறந்துபோய்விட்டது என்று நினைத்தாரோ, ரைலிக்கு உள்ளே நெஞ்சுவலி என்று நினைத்தாரோ.

"குறுஞ்செய்தி ஒண்ணு போடு," என்றாள் அவள் ஹெல்வியிடம். "என் போன்ல. முப்பத்தொண்ணாம் பெட்டியில முத்தாந்தை இருக்கு, மரத்தத் தொடாதன்னு."

ஹெல்வி ஒற்றை விரலால் தட்டத் தொடங்கி, நிறுத்தினாள். "முத்தாந்தைன்னு போட்டா அவன் போன்ல தேடிப் பாப்பான். அதுல படம் வெள்ளை முகமா, புள்ளி புள்ளியா வரும். மேல பாத்தா கரிக்கட்டை உக்காந்திருக்கும். இது வேற என்னவோன்னுட்டு வெட்டிருவான்."

அது உண்மைதான். ரைலி வளைவில் வண்டியைத் திருப்பினாள். "குஞ்சுன்னு போடு. குஞ்சு கறுப்பா இருக்கும்னு."

"முத்து எப்ப வரும் அதுக்கு?"

"இலையுதிர் காலத்துல. இறகு மாறும்போது."

"அப்ப அதுவரைக்கும் அதுக்கு என்ன பேரு?"

ரைலிக்கு நாலைந்து மொழியில் பெயர் தெரியும். எல்லாம் தாய்க்கு வைத்தவை.

"பாதிரியார்னே போடு," என்றாள். "பாதிரியார் இருக்கிற பெட்டின்னு போடு. அது அவனுக்குப் புரியும்."

ஹெல்வி தட்டினாள், அனுப்பினாள். அவன் பார்த்ததற்கான அடையாளம் எதுவும் வரவில்லை.

தார்ச்சாலை முடிந்து காட்டுச்சாலை தொடங்குகிற இடத்தில் குறுக்கே இரும்புக் கட்டை. பூட்டு. சாவி ஒஸ்ஸியிடம், ஒஸ்ஸி கயானியில், கண்ணில் மருந்தோடு. வண்டியைத் திருப்பக்கூட அங்கே இடமில்லை. ரைலி எஞ்சினை நிறுத்தினாள்.

அப்போதுதான் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாள் அறுக்கும் கீச்சு, பிறகு மரம் சாயும்போது கிளைகள் முறிகிற மடமடப்பு, பொத்தென்று ஒரு அதிர்வு, கிளைகளை உருவிக்கொண்டு மரம் உருளைகளுக்குள் ஓடும் சரசரப்பு. பிறகு இயந்திரம் அடுத்த மரத்துக்குக் கை நீட்டும்வரை ஒரு சின்ன அமைதி. மறுபடியும் முதலிலிருந்து. சரிவின் கீழ்ப்பக்கமிருந்து மேலே வருகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. முப்பத்தொன்று மேல் விளிம்பில் இருந்தது.

"ஒண்ணரைக் கிலோமீட்டர் இருக்கும்," என்றாள் ஹெல்வி. "உன் முட்டிக்கு ஆகாது. நான் போறேன்."

"உனக்கு எழுபத்தொன்பது வயசு."

"வயசு எழுபத்தொன்பதுதான். முட்டிக்கு அவ்வளவு ஆகல."

"எந்த மரம்னு உனக்குத் தெரியாது. நீ இங்கேயே இரு. யாராவது வந்தா நிறுத்தி விஷயத்தச் சொல்லு."

"எந்த விஷயத்த?"

ரைலி இரும்புக் கட்டையின் அடியில் குனிந்து மறுபக்கம் போனாள். நிமிர்ந்தபோது முட்டியில் ஊசி குத்தியது. "எல்லாத்தையும்," என்றாள்.

சாலையில் ஜல்லி புதிதாகக் கொட்டியிருந்தார்கள், இயந்திரத்துக்காக. ஒவ்வொரு அடியிலும் கால் கொஞ்சம் புதைந்து கொஞ்சம் சறுக்கியது. கொசுக்கள் முகத்தைச் சுற்றின. ஓட முயன்று நாலு எட்டில் நின்றாள். பிறகு இடது காலில் பாரத்தைப் போட்டு, வலதை இழுத்து, ஒரு சீராக நடந்தாள். இருபது எட்டுக்கு ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தாள். கிழவரும் கைக்குழந்தைப் பெண்ணும் இன்னும் நின்றுகொண்டிருப்பார்களா? சதுப்போரத்துக் காட்டில் போன ஜூனில் என்ன இருந்தது? பதினேழில்? பதினெட்டில்? அங்கே இப்போது அடிக்கட்டைகளும் புல்லும்தான்; யார் போய்த் தேடினாலும் எதுவும் கிடைக்காது. அவள் பட்டியலில் காலி என்று இருக்கிறது, கட்டத்தில் குறியும் இருக்கிறது. அதுதான் இனி எப்போதைக்கும் உண்மை.

முதல் நாடா கண்ணில் பட்டது; ஒரு பிர்ச் மரத்தில் ஆரஞ்சு நிறத்தில் முடிச்சு. அதற்கப்பால் ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்து, சரிவு மறைந்திருந்தது. இயந்திரத்தின் மஞ்சள் முதுகு ஒருமுறை தெரிந்து மறைந்தது. கத்திப் பார்த்தாள். "ரிக்கு!" என்ற அவள் குரல் மரங்களுக்குள் போய், வாள் சத்தத்தில் கரைந்தது. இன்னும் முந்நூறு மீட்டராவது இருக்கும். பாதை அங்கே வளைந்து மேலே ஏறியது.

ஓர் அடிக்கட்டையில் கையூன்றி நின்று மீண்டும் எண்ணை அழுத்தினாள். தொலைபேசியைக் காதில் வைத்தாள். மணி போகத் தொடங்கியது.

மரம் சாய்ந்தது. கிளை உருவுகிற சரசரப்பு. பிறகு அந்தச் சின்ன அமைதி.

அடுத்த கீச்சு வரவேண்டிய நேரம் கடந்தது. இன்னும் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் கை அடுத்த மரத்தைத் தேடுகிறதா, சட்டைப்பையில் தொலைபேசியைத் தேடுகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒழுங்குபடுத்தினாள்: ரிக்கு, நான் ரைலி, நான் சொன்னது தப்பு, பெட்டி காலி இல்ல.

காதில் மணி போய்க்கொண்டே இருந்தது.